ப்ராஜெக்ட் திறக்கவில்லை, ஆனால் பாட்டு அந்த டிஸ்கில்தான் இருக்கிறது

கேள்வி:

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். கோவில்பட்டி பக்கம் சிறியதாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்து வில்லிசைக் குழு ஒன்றின் அம்மன் கதையை நான்கு இரவுகள் உட்கார்ந்து பதிவு செய்தோம். புலவர் குரல், பின்பாட்டு, வில், உடுக்கை, குடம், ஜால்ரா என்று ஆறு மைக், ஆறு ட்ராக். கியூபேஸ் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எல்லாவற்றையும் ஒரு டெராபைட் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்கில் நேரடியாகவே பதிவு செய்தேன். விண்டோஸிலும் மேக்கிலும் பயன்படுத்த வேண்டும் என்பதால் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தேன். நான்காவது இரவு பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது.

மறுநாள் டிஸ்கைச் செருகியதும், இதில் கோளாறு இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று விண்டோஸ் கேட்டது. சரி என்று கொடுத்துவிட்டேன். அதன் பிறகு பாதி ஃபோல்டர்களைக் காணவில்லை. ஃபவுண்ட் என்ற பெயரில் புதிதாக ஒரு ஃபோல்டர் வந்திருக்கிறது. நண்பர் ஒருவர் மீட்பு சாஃப்ட்வேர் போட்டு முந்நூற்றுக்கும் மேற்பட்ட வேவ் ஃபைல்களை எடுத்துக் கொடுத்தார். எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். சில நன்றாகப் பாடுகின்றன. சில பெரிய ஃபைலாக இருந்தும் நீளம் 0 நொடி என்று காட்டுகின்றன. பலவற்றில் கொஞ்ச நேரம் குடம் கேட்கிறது, பிறகு காதைக் கிழிக்கும் இரைச்சல், பிறகு திடீரென்று புலவர் குரல். கியூபேஸ் ப்ராஜெக்ட் இரண்டு கிடைத்தது, இரண்டுமே திறக்கவில்லை. டிஸ்கிலிருந்து இதுவரை வித்தியாசமான சத்தம் எதுவும் வரவில்லை. சித்திரைக் கொடை விழாவுக்கு வெளியிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிஸ்கிலிருந்து தரவை மீட்டுத் தரும் லேபுக்கு அனுப்பவா? குழுவிடம் என்ன சொல்வது?

பதில்:

தம்பி, முதலில் அந்த டிஸ்கைக் கழற்றி வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அதை எந்தக் கணினியிலும் செருக வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் ஒலியில் பெரும்பகுதி டிஸ்கில் அப்படியே இருக்க வேண்டும். முதல் மூன்று இரவுகளின் பதிவு ஒழுங்காக மூடப்பட்ட ஃபைல்கள். அவை முழுதாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான்காவது இரவில் விடுபட்ட இடங்கள் இருக்கும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம், இனி அந்த டிஸ்கில் ஒரு எழுத்துகூடப் புதிதாகப் பதியாமல் இருந்தால்தான்.

நண்பர் மீட்ட ஃபைல்களை எங்கே சேமித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. லேப்டாப்பில் என்றால் நல்லது. அதே போர்ட்டபிள் டிஸ்கில் என்றால், மீட்ட ஒவ்வொரு ஃபைலும் இன்னும் மீட்கப்படாத ஏதோ ஒன்றின் மேல் போய் உட்கார்ந்திருக்கலாம். இரண்டில் எது என்று அவரிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே என்ன செய்தாலும் இந்தத் தகவல் தேவைப்படும்.

விண்டோஸ் செய்த அந்தச் சரிசெய்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதே தவிப்போடு என்னிடம் வருபவர்களில் பலர் அதைத்தான் முதலில் அழுத்தியிருக்கிறார்கள். செக்டிஸ்க் என்ற அந்தக் கருவியின் வேலை, டிஸ்கின் கணக்கை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் பாட்டைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று புரியாத பகுதிகளைக் கண்டால் அவற்றைத் திரட்டி ஃபவுண்ட் ஃபோல்டருக்குள் சிஎச்கே என்ற பின்னொட்டோடு போட்டுவிடும். குழம்பிய ஃபோல்டர் பதிவுகளைத் துடைத்தும்விடும். அந்த ஃபவுண்ட் ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதில் உள்ளவற்றுள் சில உங்கள் வேவ் ஃபைல்களாகவே இருக்கலாம். நகல் எடுத்த பிறகு, நகலில், பின்னொட்டை வேவ் என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது டிஸ்கின் உடல்நிலை. சத்தம் வரவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், சரிசெய்ய முடியாமல் போன இடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை அவை காட்டுகின்றன. மூன்றும் பூஜ்யம் என்றால் நீங்களே வேலையைத் தொடரலாம். சி5 கொஞ்சமாக இருந்தால் மிகுந்த எச்சரிக்கையோடு தொடரலாம். எண் கணிசமாக இருந்தாலோ, பார்க்கும்போதே கூடினாலோ, டிஸ்க் இடையிடையே காணாமல் போய்த் திரும்பி வந்தாலோ, டிக் டிக் என்று தட்டும் ஒலி கேட்டாலோ அந்த நிமிடமே நிறுத்திவிட்டு லேபைத் தேடுங்கள். தட்டும் டிஸ்கை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பதால் படிக்கும் முனை தட்டின் மேல் உராய்ந்து காந்தப் பூச்சையே சுரண்டிவிடும். சுரண்டப்பட்ட பகுதியை உலகத்தில் எந்த லேபாலும் திருப்பித் தர முடியாது.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து நிலைமை மோசமாகும். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் மின்சுற்றுப் பலகையை மாற்றிப் போடும் யோசனையும் இன்றைய டிஸ்குகளில் பலிக்காது. அந்த டிஸ்குக்கே உரிய அளவீடுகள் பலகையில் உள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும், அதையும் கூடவே மாற்றியாக வேண்டும். போர்ட்டபிள் டிஸ்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மாடல்களில் யூஎஸ்பி இணைப்பு பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்தப் பலகை எல்லாத் தரவையும் மறையாக்கித்தான் எழுதும். பெட்டியை உடைத்து வேறு கேபிளில் மாட்டினாலும் அங்கே ஒன்றும் தெரியாது.

டிஸ்க் நலமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதன் மேல் நேரடியாக வேலை செய்யாதீர்கள். இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்று புதிதாக வாங்கி, பழையதன் முழு நகலை முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அதில் ஒரே ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி ஓட்டலாம், விண்டோஸுக்கு ஒரு பாதிப்பும் வராது. படிக்கச் சிரமமான இடங்களைத் தாண்டிச் சென்று நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, பிறகு சிரமமானவற்றுக்குத் திரும்பி வருவது அதன் வழக்கம். எதுவரை முடித்தது என்பதை மேப் ஃபைல் ஒன்றில் குறித்துக்கொள்ளும் என்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அந்த மேப் ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுக்க மறக்காதீர்கள். கட்டளையில் எது மூலம், எது நகல் என்ற வரிசை மாறிப்போனால் உங்கள் பதிவின் மேலேயே எழுதப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆகையால் இரண்டு டிஸ்குகளின் வரிசை எண்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, திரையில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு டெராபைட் டிஸ்க் யூஎஸ்பி 3 வழியாக மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். நகல் கைக்கு வந்ததும் பழைய டிஸ்கை உறையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இனி எல்லா வேலையும் நகலின் மேல்தான். நண்பர் எடுத்த முந்நூறு ஃபைல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெயர் இல்லாமல் வெறும் எண்ணாக வந்திருப்பதிலிருந்தே அவர் என்ன செய்தார் என்பது தெரிகிறது. டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை துழாவி, வேவ் ஃபைலின் தொடக்கம் போலத் தெரியும் இடத்தில் எல்லாம் வெட்டி எடுக்கும் முறையை ஓட்டியிருக்கிறார். ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரல் செய்வதும் அதுதான். நல்ல முறைதான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டியது. அதற்கு முன்னால் ஃபோல்டர் அமைப்பை மீட்கப் பார்க்க வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் ஒரு ஃபைல் அழிந்தாலும் அதன் பதிவில் உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பிட் மட்டும்தான் மாறும். பெயரும், நீளமும், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஆர்-ஸ்டூடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், டிஎம்டிஇ ஆகிய மீட்பு நிரல்கள் இந்தப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, பெயரோடும் ஃபோல்டரோடும் காட்டும். டிஎம்டிஇயின் இலவசப் பதிப்பிலேயே ஒரு நேரத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று ஃபைல்களை எடுக்கலாம். மற்றவற்றிலும் என்னென்ன கிடைக்கும் என்ற பட்டியலைப் பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ஆடியோ ஃபோல்டர் பெயரோடு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குடமும் இரைச்சலும் புலவர் குரலும் மாறி மாறி வரும் ஃபைல்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். இரைச்சலைக் கேட்டுவிட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். அந்த இரைச்சலுக்குள் இசை இருக்கிறது.

ஆறு ட்ராக்குகள் ஒரே நேரத்தில் பதிவாகும்போது ஆறு ஃபைல்களும் ஒரே நேரத்தில் வளர்கின்றன. ஆகவே டிஸ்கில் குடத்தில் ஒரு பங்கு, அதை அடுத்து உடுக்கையில் ஒரு பங்கு, அடுத்து குரலில் ஒரு பங்கு என்று அவை பின்னிக் கிடக்கும். யாருடைய பங்கு எங்கே தொடர்கிறது என்பதை ஃபேட் என்ற அட்டவணை வைத்திருக்கும். வெட்டி எடுக்கும் சாஃப்ட்வேர் அட்டவணையைப் பார்ப்பதில்லை. குடம் ஃபைலின் தொடக்கத்தைக் கண்டதும், அதைத் தொடர்ந்து கிடப்பதெல்லாம் குடம் என்றே எண்ணி ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. குடத்துக்கு நடுவே புலவர் குரல் வருவது இதனால்தான்.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது? உங்கள் டிஸ்க் அளவுக்கு எக்ஸ்ஃபேட் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பங்கு 128 கிலோபைட், அதாவது 1,31,072 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை ட்ராக் என்றால் ஒரு நொடிக்கு 1,44,000 பைட். ஆகவே ஒரு பங்கில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான ஒலி அடங்கும். கணினி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எழுதுகிறது, ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி. 24 பிட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று பைட் வேண்டும். 1,31,072 மூன்றால் வகுபடாத எண், மீதி இரண்டு வரும். எனவே பங்கு முடியும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மாதிரி நடுவிலேயே வெட்டுப்படும். அதன் மிச்சம் அதே ட்ராக்கின் அடுத்த பங்கில் இருக்கிறது. அங்கே வேறொரு ட்ராக்கின் பங்கு வந்து ஒட்டிக்கொண்டால், மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு வரும் கணினியின் கணக்கு ஒன்றோ இரண்டோ பைட் தள்ளிப்போகலாம். அப்போது ஒவ்வொரு மாதிரியின் கடைசிப் பைட்டும் அடுத்ததன் முதல் பைட்டோடு சேர்ந்துவிடும். காதுக்குக் கிடைப்பது வெறும் இரைச்சல். பைட்டுகள் எதுவும் கெடவில்லை, எண்ணத் தொடங்கிய இடம்தான் தவறு.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பீக்கரின் ஒலியளவை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த இரைச்சல் முழு வீச்சில் வரும், ஹெட்ஃபோனில் கேட்டால் காதுக்கு ஆபத்து. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த நிரலில் ஃபைல் மெனு, இம்போர்ட், ரா டேட்டா என்று போய் அந்தக் கலப்பட ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், மோனோ, 48000 என்று கொடுத்து, தொடக்கத்தில் விட வேண்டிய பைட் என்ற இடத்தில் 0 போடுங்கள். மறுபடி அதே ஃபைலை 1 போட்டும், மூன்றாம் முறை 2 போட்டும் ஏற்றுங்கள். இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று ட்ராக்குகள். முதல் ட்ராக்கில் கட்டியாகக் கறுத்த பட்டையாகத் தெரியும் இடத்துக்கு நேர்கீழே, மற்ற இரண்டில் ஏதோ ஒன்றில், உடுக்கையின் அடிகள் தனித்தனியாக எழுந்து தணிவது தெரியும். அந்தப் பட்டைகளை நீக்கிவிட்டுத் தெளிந்த பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டால் மூன்றுக்கும் இடையே முழு ஒலியும் வந்துவிடும். மூன்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மாதிரிக்கும் குறைவு என்பதால் நேரம் பிசகாது. நீங்கள் 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்திருந்தால் ட்ராக்குகள் கலந்திருக்குமே தவிர இந்தவகை இரைச்சல் வந்திருக்காது, ஏனென்றால் நான்கு பைட் மாதிரி 128 கிலோபைட்டில் மீதியின்றி அடங்கிவிடும்.

இப்படித் தெளிந்த துண்டுகளை ட்ராக் வாரியாகப் பிரித்துக் கோப்பது பொறுமையான வேலை. நான்காவது இரவுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். முதல் மூன்று இரவுகளும் ஃபோல்டர் மீட்பிலேயே வந்துவிட்டால் அவற்றுக்கு இந்தப் பாடு தேவையில்லை. எல்லாம் மோனோ, குரலையும் வாத்தியங்களையும் காதால் பிரிக்க உங்களை விட யாருக்கும் தெரியாது. வேறு ஊரில் இருக்கும் ஒரு பொறியாளரால் கட்டைக் குரல் பின்பாட்டையும் புலவரையும் பிரித்தறிய முடியாமல் போகலாம்.

0 நொடி என்று காட்டும் ஃபைல்கள் இதைவிட எளிது. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் ஒலி எத்தனை பைட் என்று ஓர் எண் இருக்கும். பதிவை நிறுத்தும்போதுதான் சரியான எண் அதில் எழுதப்படும். மின்சாரம் போனதால் அது எழுதப்படாமலே நின்றுவிட்டது. தலைப்பை நம்பும் சாஃப்ட்வேர் 0 நொடி என்கிறது, ஒலியோ பின்னால் அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் என்று கணக்கிட்டால், 260 மெகாபைட் ஃபைலில் ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கிறது. மேலே சொன்ன அதே ரா டேட்டா வழியில் திறந்து, சரியான வேவ் ஃபைலாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு டப் சத்தம் கேட்டால் அது தலைப்பு, வெட்டிவிடலாம். ஆனால் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் நிரலில் திறந்து பார்க்கும்போது முதலிலிருந்து கடைசிவரை 00 மட்டுமே இருந்தால், அந்த ஃபைலில் ஒன்றும் இல்லை. அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

கடைசியாக ப்ராஜெக்ட். கடிதத்தில் நீங்கள் அதிகம் வருந்துவது இதற்காக என்று தோன்றியது. ப்ராஜெக்ட் ஃபைல் ஒரு பேரேடு, சரக்கு கிடங்கில் இருக்கிறது. பேரேடு தொலைந்தால் வருத்தம்தான், ஆனால் இந்தப் பதிவில் அதைத் திரும்ப எழுதிவிடலாம். முதலில் கியூபேஸ் தானாகவே சேமிக்கும் பேக் (.bak) பின்னொட்டு ஃபைல்களைத் தேடுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே எண்ணோடு இருக்கும். நகலெடுத்து, பின்னொட்டை சிபிஆர் என்று மாற்றித் திறந்து பாருங்கள். மின்சாரம் போவதற்குக் கொஞ்சம் முந்தைய நிலை கிடைக்கக்கூடும். திறக்காத இரண்டையும் ஹெக்ஸ் நிரலில் பாருங்கள். ட்ராக் பெயர்களும் வேவ் ஃபைல்களின் பெயர்களும் ஆங்கிலத்தில் தென்பட்டால் நம்பிக்கை உண்டு. சில நேரம் ப்ராஜெக்ட் நன்றாகவே இருக்கும், பிளக்இன் எனப்படும் ஏதோ ஒரு துணை நிரல்தான் கியூபேஸைக் கவிழ்க்கும். கியூபேஸைத் தொடங்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பாதுகாப்பு முறையில் தொடங்கும் வழி கிடைக்கும். அப்படியும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

ஒன்றும் பலிக்கவில்லை என்றாலும் புதிய ப்ராஜெக்ட் ஒன்றில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்க வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிந்த ஆறு ட்ராக்குகளின் ஃபைல்கள் பைட் கணக்கில் ஒரே அளவாக இருக்கும். ஃபோல்டரை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஆறு ஆறாகக் கூட்டம் சேர்வதைப் பார்ப்பீர்கள், ஒவ்வொரு கூட்டமும் ஒரு டேக், அதாவது ஒருமுறை தொடங்கி நிறுத்திய பதிவு. மேலும், ப்ராட்காஸ்ட் வேவ் வகை ஃபைல் என்றால் பதிவு தொடங்கிய தேதியும் நேரமும், டைம்லைனில் அது உட்கார வேண்டிய இடமும் தலைப்பிலேயே எழுதியிருக்கும். கியூபேஸில் எடிட் மெனுவில் மூவ் டு, ஆரிஜின் என்று கொடுத்தால் ஃபைல் தானாகத் தன் பழைய இடத்தில் போய் நிற்கும். ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரிலும் இதற்கு இணையான கட்டளை உண்டு. உங்களுக்கு இழப்பு என்பது எடிட்டிங், ஈக்யூ, மிக்ஸ் ஆகியவைதான். ஆறு ட்ராக் நேரடிப் பதிவுக்கு மிக்ஸைத் திரும்பச் செய்வது பெரிய சுமை அல்ல.

இதே நிலை கீபோர்டில் ப்ரோக்ராமிங் செய்பவருக்கு வந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன். அவருக்கு ப்ராஜெக்ட்தான் இசையே, வேவ் ஃபைல் எதுவும் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் சாஃப்ட்வேர் எங்கே பழைய பதிப்புகளை ஒளித்து வைக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏபிள்டனில் ப்ராஜெக்டுக்குள்ளேயே பேக்கப் என்ற ஃபோல்டர், ப்ரோ டூல்ஸில் செஷன் ஃபைல் பேக்கப்ஸ், லாஜிக்கில் ப்ராஜெக்ட் தொகுப்பின் உள்ளேயே. ஏபிள்டனின் ஃபைல் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல், ரீப்பரின் ஃபைல் சாதாரண எழுத்துதான். ஓரளவு சிதைந்தாலும் கையால் திருத்த முடியும். ஆடாசிட்டி 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே எஸ்க்யூலைட் தரவுத்தளமாக வைக்கிறது. அது கெட்டால் எஸ்க்யூலைட்டின் மீட்புக் கட்டளையையே பயன்படுத்தலாம்.

லேப் பற்றிக் கேட்டீர்கள். டிஸ்க் நலமாக இருந்து, நகலும் எடுத்துவிட்டால் அவசரமாக அனுப்பத் தேவையில்லை. பழுது தெரிந்தால் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பும் முன் போனில் கேளுங்கள்: டிஸ்கைத் திறக்கத் தூய அறை உங்களிடமே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? மீண்ட ஃபைல்களின் பட்டியலைப் பார்த்து, சிலவற்றைக் கேட்ட பிறகுதானே பணம்? அசல் டிஸ்க் திரும்பக் கிடைக்குமா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். கூடவே ஒரு தாளில் எக்ஸ்ஃபேட், ஆறு ட்ராக் ஒரே நேரப் பதிவு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, மின்சாரம் போனது, விண்டோஸ் சரிசெய்தது, மீட்பு சாஃப்ட்வேர் ஓடியது என்று எழுதிக் கொடுங்கள். நன்றாகப் பாடும் வேவ் ஃபைல் ஒன்றையும் மாதிரிக்கு அனுப்புங்கள். பெரும்பாலான லேப்களுக்கு வருவது கல்யாணப் படங்களும் அலுவலகக் கணக்குகளும்தான். ஒலியில் எது சரி, எது தவறு என்று நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த பதிவுக்கு யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், கணினிக்குள் இருக்கும் டிஸ்கில் பதிவு செய்யுங்கள், வெளி டிஸ்கை நகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவினர் குடத்தை உறையில் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அன்றைய பதிவை இரண்டு டிஸ்குகளில் போட்டுவிடலாம்.

குழுவிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு: இன்றே புலவரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். மூன்று இரவுப் பதிவு வந்துவிடும் என்று நம்புகிறோம், நான்காவது இரவில் சில இடங்களைத் திரும்பப் பாட வேண்டி வரலாம், எந்த இடங்கள் என்று நகல் எடுத்த பிறகு சொல்கிறேன் என்று. கொடைக்கு முந்தைய நாள் தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிந்தால் அவர்கள் நாள் ஒதுக்க முடியும். அதே பேச்சில் இன்னொன்றையும் கேளுங்கள். இரவு பதிவு முடிந்ததும் கேட்டுப் பார்க்க என்று அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தோராய மிக்ஸ் அனுப்பியிருப்பீர்கள். உங்கள் போனில் அழிந்திருந்தாலும் பின்பாட்டுக்காரர் ஒருவரின் போனிலாவது இருக்கும். அதை ஒன்றுவிடாமல் திரும்ப வாங்குங்கள். எம்பி3 ஆக இருந்தாலும் பரவாயில்லை. புதிய ப்ராஜெக்டின் முதல் ட்ராக்கில் அதைப் போட்டு, மீண்டு வரும் ஒவ்வொரு வேவ் ஃபைலையும் அதன் அடிகளோடு ஒப்பிட்டு நகர்த்தி வையுங்கள். எந்த டேக்கை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. தலைப்பில் நேரம் இல்லாத ஃபைல்களுக்கு அதுதான் வழிகாட்டி.